தாலாட்டு பஸ்ஸுக்கு மூச்சு முட்டிய கதை

டீசல் மெக்கானிக் வேலையில் பாதி காதால் கேட்பது, மீதி மூக்கால் மோப்பம் பிடிப்பது. வாயால் சொல்வது மட்டும் பொய் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஆகவே முதலிலேயே உரக்கச் சொல்லிவிடுகிறேன். மண்ணூர் அம்மன் சத்தியமாக, என் ஸ்பேனர் செட் சத்தியமாக, மிச்சமிருக்கும் என் பற்கள் சத்தியமாக, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து, நீங்களும் வண்டியை ஓரங்கட்டியிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

வெள்ளைக் கைக்குட்டை

என் பட்டறை ஒரகடம் போகிற ரோட்டில் இருக்கிறது. பழைய லாரிகளின் புகைக்குழாயில் கைக்குட்டையைக் காட்டினால் காக்காய் மாதிரி கறுத்துத் திரும்பும். இப்போது வருகிற கம்பெனி பஸ்களில் காட்டினேன். போன வெள்ளை அப்படியே வந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. டீசல் எரிந்தால் கரி வராமல் இருக்குமா? வந்த கரி எங்கே போகிறது?

ஒருநாள் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டேன். புகைக்குழாய் நடுவில் ஒரு பீப்பாய், அதற்குள் தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி. கரியெல்லாம் அதில்தான் தங்குகிறது. கூடு நிறைந்ததும் வண்டி தானாகவே அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் புகை நன்றாகச் சூடேற வேண்டும். சூடேற வேண்டுமானால் வண்டி நிற்காமல், ஒரே சீரான வேகத்தில், அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஓடாவிட்டால் கூடு அடைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கு எரியும். அதற்கும் அசையாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் பஸ் மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கிவிடும். இதையெல்லாம் நான் வியந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த பஸ்ஸின் டிரைவர் ஏழுமலை கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்: "கரிய அதுவே தின்னுக்கினு, அதுவே செரிச்சிக்குதா? பீடி ஊதுற நம்ம மச்சானுக்கு இப்டி ஒண்ணு மாட்டிவுட முடியுமா மேஸ்திரி?"

தாலாட்டு டிரைவர்

ஏழுமலையின் பஸ் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து நைட் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் இருங்காட்டுக்கோட்டையில் விடும். அவன் ஓட்டினால் பள்ளமும் மெத்தையாகிவிடும். கிளட்ச்சை விடுவது தெரியாது, பிரேக் பிடிப்பது தெரியாது. ஸ்பீட் பிரேக்கரைப் பூனை மதில் இறங்குகிற மாதிரி இறங்குவான். ஏறின ஆட்கள் கேட் தாண்டுவதற்குள் குறட்டை. அவர்களுக்குக் குளிர வேண்டும் என்பதற்காக, ஆள் ஏறும் முன்பே இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டு வைப்பான். ஒருமுறை எதிரே வந்த எருமை மாடு அவன் பஸ்ஸைப் பார்த்ததும் அங்கேயே படுத்துத் தூங்கியதை நானே பார்த்தேன்.

வினையே அந்த மென்மைதான். நின்ற இடத்தில் இன்ஜின் ஓட்டமும் ஊர்ந்த ஓட்டமும் சேர்ந்து வடிகட்டியை அடைத்துவிட்டன. சிவப்பு விளக்கு எரிந்து பஸ் இரண்டு தடவை ரோட்டில் படுத்தது. இனி ஒரு தடவை படுத்தால் பஸ்ஸே வேண்டாம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பஸ் முதலாளி தனசேகர் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, அப்படி நடந்தால் ஏழுமலை அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று என் பட்டறையில் வைத்தே அறிவித்தார். அவர் போன பிறகு ஏழுமலை ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்: "வெளக்கு எரியுதுன்னு டிரைவர மாத்துவாங்களா? வூட்ல டியூப்லைட்டு மினுக்குனா வூட்டுக்காரனையா மாத்துறாங்க?"

ஊற்றெடுத்த ஆயில்

தனசேகர் கெட்டவரில்லை; கொஞ்சம் ஆசைக்காரர். ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். எல்லோர் வண்டியிலும் ஆயில் குறையும், தன் வண்டியில் மட்டும் கூடுகிறது என்றார். நான் நம்பவில்லை. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் உண்மைதான்; மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை. எனக்கே ஒரு கணம் கற்பூரம் ஏற்றலாமா என்று தோன்றியது.

கம்பியை முகர்ந்தேன். டீசல் வாடை. விரலில் தேய்த்தேன், ஆயில் ரசம் மாதிரி ஓடியது. அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. கரியை எரிக்க வண்டி கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறது. சூடேறி வரும் நேரத்தில் ஏழுமலை ஏதாவது ஸ்டாப்பில் நிறுத்திவிடுகிறான். எரிப்பு பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் சிலிண்டரின் உள்சுவர் வழியாக வழிந்து ஆயிலோடு கலக்கிறது. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். எல்லாவற்றையும் இறக்கி, கம்பெனி புத்தகத்தில் சொன்ன ஆயிலையே ஊற்றினேன். கண்ட ஆயிலை ஊற்றினால் சாம்பல் அதிகம். கரியாவது எரியும், சாம்பல் எரியாது, கூட்டிலேயே குடியிருக்கும். பழைய ஆயில் வாளியில் விழுவதைத் தனசேகர் பசு மடி வற்றியதைப் போலப் பார்த்தார். "ஒரு நல்லது நடந்தா பொறுக்காதே பெருசு ஒனக்கு."

வடகம்

நிற்கும்போதே கரியை எரிக்க ஒரு பொத்தானும் உண்டு. அவசரத்துக்கு உதவும், பழக்கமாக்கக்கூடாது. ஒருநாள் மஞ்சள் விளக்கு எரிந்ததும் மண்ணூர் பக்கம் காலி மனையில், காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, ஏழுமலையை அழுத்தச் சொன்னேன். இன்ஜின் தானாக உறுமியது. பின்னால் அனல். அங்கே டீக்கடை சரோஜா கட்டில் போட்டு வடகம் பிழிந்து வைத்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. வானமோ மூடிக் கிடந்தது. பொத்தான் வேலை முடிந்து இன்ஜின் அடங்கியபோது வடகம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. ஓரத்தில் இருந்த சில, எண்ணெயே இல்லாமல் பொரிந்தும்விட்டன. தின்று பார்த்தேன், உப்பு கொஞ்சம் தூக்கல், வேறு குறையில்லை.

சரோஜா திட்டப் போகிறாள் என்று ஏழுமலை பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தான். சரோஜா கட்டிலைச் சுற்றி வந்து, ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாளிக்கு அப்பளம் போடுறேன், இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்து."

இடப்பக்கம் திரும்பிய பஸ்

பொத்தானால் வந்த நிம்மதி நிலைக்கவில்லை. பஸ்ஸை ஹைவேயில் ஒரு நீள ஓட்டம் விட்டால்தான் கூடு சுத்தமாகும் என்றேன். காலி வண்டியை ஓட்ட முதலாளி விடமாட்டார். ஆட்களோடு விரட்டினால் பசங்க முழித்துக்கொள்வார்கள் என்றான் ஏழுமலை. பகலில் அவர்கள் படுக்கிற அறைகளின் கூரை தகரம். ஒரே பாயில் ஷிப்ட் மாற்றிப் படுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு உருப்படியான தூக்கமே அந்த பஸ்ஸில்தான்.

ஒரு காலை நானும் முன் சீட்டில் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது மஞ்சள் விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. அடுத்தது சிவப்புதான். கரி எரிப்பு தொடங்கிவிட்டது, எங்கேயும் நிறுத்தாதே என்றேன். வலப்பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை, சில நிமிடத்தில் ஸ்டாப். ஏழுமலை கண்ணாடியில் பார்த்தான். பஸ் முழுக்கத் திறந்த வாய்கள். இடப்பக்கம், காஞ்சிபுரம் போகிற ஹைவேயில் திருப்பினான்.

சுங்குவார்சத்திரம் போயிற்று. ஏழுமலை ஒரே வேகத்தில் பிடித்தான். அவன் நெற்றியில் வியர்வை, ஸ்டியரிங்கில் மட்டும் ஆட்டமில்லை. காஞ்சிபுரம் பக்கம் வந்தபோது திருநெல்வேலிக்கார இசக்கி ஒருவன் மட்டும் கண் விழித்து, அண்ணாச்சி, காஞ்சிபுரம்னு போர்டு தெரியுதே என்றான். கனவுப்பா, தூங்கு என்றான் ஏழுமலை. அதானே பாத்தேன் என்று இசக்கி மறுபக்கம் சாய்ந்துகொண்டான். வெள்ளைகேட் ஜங்ஷன் தாண்டியதும் விளக்கு அணைந்தது. திரும்பி வந்து இருங்காட்டுக்கோட்டையில் இறக்கியபோது, ஆட்கள் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த சூரியனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இசக்கி கடைசியாக இறங்கினான். "எந்த ஊரு வழியா வந்தா என்ன அண்ணாச்சி, ஊர்ல இருந்து வந்தப்பொறம் இன்னைக்குத்தான் உறங்கினேன்."

ரோடு வேலை

ஆனால் பஸ்ஸில் ஜி.பி.எஸ். என்று ஒரு கோள்சொல்லி இருக்கிறது. மறுநாள் காலை ஸ்டாப்பில் போனை நீட்டிக்கொண்டு தனசேகர் நின்றார். வண்டி காஞ்சிபுரம் வரை போயிருக்கிறது, ஆட்களைக் கடத்தினாயா, டீசலுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். பஸ் சாவியைக் கொடு என்று கையையும் நீட்டிவிட்டார். ஏழுமலை சாவியை உருவினான். நாற்பது கதை கைவசம் வைத்திருக்கும் எனக்கு அந்த நேரம் ஒன்றுகூட வரவில்லை.

இசக்கிதான் முன்னால் வந்தான். ஹைவேயில் மேம்பால வேலை, யூ டர்ன் அடைத்திருந்தது, திரும்பவே இடமில்லை, நான் வழி நெடுக முழித்துக்கொண்டுதான் வந்தேன் என்றான். பின்னால் இருந்த பஸ் முழுவதும் ஆமாம் என்றது. தூக்கத்தில்கூட அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் குறட்டை விட்டதில்லை. அந்த ஹைவேயில் தானும் தவித்தவர்தானே, தனசேகர் கையை மடக்கிக்கொண்டார். இப்போது சனிக்கிழமை தவறாமல் பஸ் இடப்பக்கம் திரும்புகிறது. விளக்கு எரிவதில்லை, ஆயில் கோட்டிலேயே நிற்கிறது, மற்ற ரூட் ஆட்களும் தூங்குவதற்காகவே இதில் ஏறுகிறார்கள். தனசேகர் மட்டும் வாராவாரம் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து புலம்புவார்: "இன்னா பெருசு, சனிக்கெழம மட்டும் குறி வச்சு தோண்டுறானுங்க?"

வண்டியானாலும் மனுஷனானாலும் உள்ளே அடைத்துக்கொண்டதை எரித்துத் தீர்க்க அரை மணி நேரம் நிற்காத ரோடு ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ரோட்டில் சனிக்கிழமை எந்த வேலையும் நடக்கவில்லை என்று நான் சொன்னதாகத் தனசேகரிடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.