சம்பந்தி வீட்டு மடக்குக் கத்தி

கொக்கியைத் தெரியாத நாய்கூட அந்தத் தெருவில் கிடையாது. சொந்தப் பேர் என்னவென்று கேட்டால் அவருக்கே ஒரு நிமிஷம் யோசனை வரும். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வாத்தியார் கதவை வெளியே கொக்கி மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே ஒரு ஈ, காக்கை இல்லை. கொக்கி மட்டும் மாட்டியபடி இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டுக் கொக்கியைத் தூக்கி, நாற்பது பிள்ளைகளையும் வெளியேற்றிவிட்டு, மரியாதையாக மறுபடி மாட்டியும் வைத்துவிட்டுப் போயிருந்தான் பயல். அன்றோடு படிப்பு அவரைக் கைகழுவியது. பேர் ஒட்டிக்கொண்டது.

இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மார்க்கெட் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் பூட்டுக் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கொக்கி உள்ளே உட்கார்ந்தால் சாவிகள் வெளியே தொங்க வேண்டும். சாவிகளை உள்ளே வைத்தால் கொக்கி வெளியே தொங்க வேண்டும். ஆனால் வேலையில் ஆள் புலி. அவர் இருமினால் பாதிப் பூட்டுகள் பயந்து தாமாகவே திறந்துகொள்ளும்.

அவருக்கு ஒரே ஒரு வியாதி. பூட்டியிருக்கும் எதையாவது பார்த்தால் விரல் நுனியில் அரிப்பு எடுக்கும். திறந்து பார்த்துவிட்டு உடனே பூட்டிவிடுவார், ஒன்றையும் எடுக்க மாட்டார். திறக்காமல் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஊரையே கிண்டல் செய்யும் இந்த மனுஷன் ஒரே ஓர் ஆள் முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல நிற்பார். அது அவருடைய சம்பந்தி. ஆறு மாதத்துக்கு முன்புதான் கொக்கியின் மகளை அந்த வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். சம்பந்தி செடி வளர்த்து விற்பவர். மண்ணில் வேலை செய்தாலும் சட்டையில் ஒரு கறை இருக்காது. அவர் நிழலைக்கூட இஸ்திரி போட்டுத்தான் தரையில் விழவிடுவார் என்று கொக்கி வீட்டில் சொல்வதுண்டு. பேச்சும் அளந்துதான். அந்த வாயிலிருந்து "பரவாயில்லையே நீங்க" என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் கொக்கியின் ஆறு மாத ஆசை.

சம்பந்தி பெருமை பேசும் பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்று. அவர் தாத்தா வைத்திருந்த மடக்குக் கத்தி. கொம்புப் பிடி, பித்தளை ஓரம். தாத்தா அந்தக் கத்தியால்தான் செடிகளுக்கு ஒட்டுக் கட்டினாராம். கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைத்து, வருபவர்களுக்கெல்லாம் காட்டுவார். கையில் மட்டும் தர மாட்டார்.

"கூரு பொல்லாதது சம்பந்தி. பாத்தாலே வெட்டும்" என்பார்.

ஒரு வாரத்தில் அவருடைய புதுச் செடிக்கடை திறப்பு. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது சம்பந்தியம்மா அறிவித்துவிட்டார்: "ரிப்பன தாத்தா கத்தியாலதான் வெட்டப் போறாரு!" அப்போது சம்பந்திக்கு ஓர் இருமல் வந்தது பாருங்கள், மூன்று டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் நின்றது. தாத்தா நினைப்பில் மனுஷன் உருகிவிட்டார் என்று கொக்கியும் கண் கலங்கினார்.

புதன்கிழமை சம்பந்தி வீட்டார், மகள் மருமகன் உட்பட, வெளியூர்ச் சொந்தங்களை அழைக்கக் கிளம்பினார்கள். சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார்கள், ஞாயிறு காலை திறப்பு. அதுவரை செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொக்கியிடம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கே கொக்கியும் மனைவியும் போய் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு நேரே வீடு திரும்பியிருக்கலாம். கொக்கி கூடத்தை எட்டிப் பார்த்தார். கண்ணாடி அலமாரி. அதில் ஒரு குட்டிப் பூட்டு. விரல் நுனி அரிக்க ஆரம்பித்தது.

"வேணாங்க" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"உங்க வெரல் சொல்லுது. வாங்க போலாம்."

"ஒரு நிமிஷம். உன் கொண்டை ஊசியக் கொஞ்சம் குடு."

அவள் தலையைப் பிடித்துக்கொள்வதற்குள் ஊசி அவர் கையில் இருந்தது. பூட்டு திறந்தது. கத்தியை எடுத்தார். மடக்கியிருந்த அலகை நகத்தால் நெம்பினார்; அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். 'சடக்!'

பிடியின் ஒரு பக்கக் கொம்பு இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. முதுகுப் பக்கத்துப் பட்டை துண்டு துண்டாகக் கையோடு வந்தது. கத்தியை மடக்கும்போதும் விரிக்கும்போதும் அலகை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் அந்தப் பட்டைதான். அது போனால் கத்திக்கு உயிர் போன மாதிரி.

மனைவி அப்படியே சோபாவில் சாய்ந்தாள். "அய்யோ, அந்த மனுசன் பெத்த புள்ளையக்கூட இப்படிப் பொத்தி வளக்கலையே! நம்ம பொண்ணு அந்த வீட்டுல எப்படித் தல நிமிந்து நடப்பா? அது கையா, கொரங்கு வாலா?"

கொக்கிக்கு வியர்த்த வியர்வையில் இரண்டு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம். உடைந்ததையெல்லாம் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மனைவியோடு கடைக்கு ஓடினார்.

ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றித் துண்டுகளைப் போட்டார். கறுப்புச் சாயம் கரைந்து மேலே வந்தது. ஸ்பிரிங் துண்டை எடுத்துத் துடைத்தார். இரும்பு இல்லை. மஞ்சள் மரம். அதில் பொடிப்பொடியாகக் கோடு. கோட்டுக்கு மேலே ஆறு, ஏழு, எட்டு என்று எண்கள்.

"அடியே... இது ஸ்கேலு!"

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மர அடிக்கோல்! அதைச் செதுக்கி, ஷூ பாலிஷ் பூசி, கோந்து வைத்து ஒட்டியிருந்தது. அலகும் கோந்தால் ஒட்டியிருந்தது. ஸ்பிரிங்கை எவனோ எப்போதோ உடைத்திருக்கிறான். எவனோ என்ன எவனோ? அலமாரிச் சாவி இருப்பது ஒரே ஆளின் இடுப்பில்தானே!

கொக்கி சிரித்த சிரிப்பில் மாடிப்படி ஆடியது. மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் கட்டடம் விழுகிறது என்று கீழே இறங்கி வந்தார்கள். சிரித்து முடித்ததும்தான் சிக்கல் புரிந்தது.

மனைவி சுலபமாக வழி சொன்னாள். "அவரு ஒட்டுன மாதிரியே ஒட்டி வெச்சிடுங்க. யாருக்கும் தெரியாது."

"வெச்சிடலாம். ஞாயித்துக்கெழம நூறு பேரு முன்னாடி அந்த மனுசன் ஸ்கேல வெச்சு ரிப்பன அளக்கவா போறாரு?"

"நெசமான ஸ்பிரிங் போட்டீங்கன்னா நாம அலமாரியத் தொறந்தது அவருக்குத் தெரிஞ்சிடுமே!"

"ஆமா."

"திருடன்னு நெனைப்பாரு."

"நெனைக்கலாம்."

ஒட்டி வைத்தால் சம்பந்தி மானம் போகும். செய்து வைத்தால் தன் மானம் போகும்.   கொக்கி தேய்ந்துபோன தட்டை அரம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். "எம் பேரு கெட்டா பூட்டு தொறந்து பொழச்சிக்குவேன். அந்த மனுசனுக்கு இருக்கறதே இந்த ஒரு பெருமதான்" என்றார்.

அரம் நல்ல எஃகு. ஆனால் அறுக்க வந்த ரம்பத்தின் பல்லைப் பிடுங்கிவிடும் அளவுக்குக் கடினம். அதைச் சிவக்கச் சுட்டு, சாம்பலுக்குள் புதைத்து, மெதுவாக ஆறவிட்டார். மறுநாள் பார்த்தால் பரம சாதுவாகிக் கிடந்தது. வைஸ் பிடியில் இறுக்கி அறுத்து, வேறோர் அரத்தால் ராவித் தேய்க்க ஆரம்பித்தார். கத்தியை மடக்கினாலும் விரித்தாலும் பட்டையின் முதுகு பிடியோடு சமமாக நிற்க வேண்டும். மயிரிழை தூக்கினாலும் தடவும் விரலுக்குத் தெரிந்துவிடும். நாலு இழுப்பு ராவுவார், வைத்துப் பார்ப்பார், திட்டுவார், மறுபடி நாலு இழுப்பு. அன்று வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம், "பூட்டா? பூட்டாமலே இருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பினார்.

துளை போட்டு, மறுபடி சிவக்கச் சுட்டு எண்ணெயில் முக்கினார். 'சுர்ர்' என்றது. அடுத்து அதை மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். கொக்கிக்கு எங்கே பொறுமை? ஆசை தாங்காமல் வளைத்துப் பார்த்தார். கண்ணாடி வளையல் மாதிரி 'டக்' என்று உடைந்தது. ஒரு நாள் வேலை இரண்டு துண்டு.

"நல்லா வேணும்" என்றாள் தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டுவந்த மனைவி. "சம்பந்தி வீட்டு ஸ்கேலே இத்தன நாள் தாங்கியிருக்கு. உங்க இரும்பு ஒரு நாள் தாங்கல."

வெள்ளிக்கிழமை இன்னொரு பட்டை. இந்தத் தடவை எண்ணெயில் முக்கிய பிறகு, தகட்டின் மேல் வைத்துக் கீழே சின்னத் தீ எரித்தார். பட்டை முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் மயில் கழுத்து நீலம். நீலம் தெரிந்த நொடியில் எடுத்துவிட்டார். வளைத்தால் வளைந்தது, விட்டால் 'விண்' என்று நிமிர்ந்தது. கொக்கி அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார். உதடு சுட்டுக்கொண்டது வேறு கதை.

அடுத்து பிடிக்குக் கொம்பு வேண்டும். ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. மனைவி தன் கொம்புச் சீப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவள் அம்மா கொடுத்தது.

"ஏம்மா, இதயா?"

"பல்லு பாதி போச்சு. உங்கள மாதிரியே. எடுத்துக்கோங்க, பேசாதீங்க."

சீப்பின் தடித்த முதுகை அறுத்து, பழைய பக்கத்தோடு ஒத்துப்போகும்படி தேய்த்து மெருகேற்றினார். பித்தளைக் கம்பியில் ஆணிகள் நறுக்கினார். ஆணியைத் தட்டி இறுக்கும்போது அதிகமாக இறுகினால் அலகு திரும்பாது, தளர்ந்தால் ஆடும். அதனால் அலகுக்கும் பித்தளை ஓரத்துக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிவைத்து, எறும்பைத் தட்டி எழுப்புவதுபோல ஆணித் தலையைத் தட்டினார். பிறகு டிக்கெட்டை உருவினார். அந்தக் காகித அளவு இடைவெளி போதும், அலகு வெண்ணெய்போல ஓடியது. 'டக்' என்று விரிந்தது, 'டக்' என்று மடங்கியது. கொக்கி இருநூறு தடவை விரித்து மடக்கினார். மனைவி பிடுங்கி முந்நூறு தடவை.

சனிக்கிழமை மத்தியானம் கத்தி அலமாரிக்குத் திரும்பியது.

ஞாயிறு காலை புதுக்கடை வாசலில் ஜனம் நெரிந்தது. சம்பந்தி வெளுத்துப்போய் நின்றார். கத்தி ஒரு கையில். இன்னொரு கை சட்டைப் பைக்குள் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. பையின் ஓரத்தில் கத்தரிக்கோலின் வளையம் எட்டிப் பார்த்தது.

"ரொம்பப் பழசு... துருப்பிடிச்சிருக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"தொறங்க, சும்மா கூச்சப்படாதீங்க!" என்றார் சம்பந்தியம்மா.

 பின்வரிசையில் மனைவி கொக்கியின் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

சம்பந்தி ஒப்புக்கு நகத்தை வைத்து நெம்பினார்.

'டக்!'

நிமிர்ந்து நின்ற அலகைப் பார்த்து அவரே ஒரு முழம் துள்ளினார். பக்கத்திலிருந்த பூந்தொட்டி உருண்டது. ஜனம் கைதட்டியது. சம்பந்தி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் தேடினார். கொக்கி சட்டென்று ஒரு கள்ளிச் செடியை, உலகத்திலேயே அழகான செடி அதுதான் என்பதுபோல, உற்றுப் பார்க்கத் தொடங்கினார். ரிப்பன் அறுந்து விழுந்தது.

அரை மணி நேரத்தில் சம்பந்தி கொக்கியின் தோளில் கைபோட்டு உர மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தப் பூட்டத் தொறக்க எவ்வளவு நேரமாச்சு?"

 "நாலு நொடி. நல்ல பூட்டு சம்பந்தி... சாதாரணப் பூட்டா இருந்தா ரெண்டு. தப்புதான். மன்னிச்சிடுங்க."

"உள்ள... பாத்தீங்களா?"

"ஆறு, ஏழு, எட்டு பாத்தேன்."

சம்பந்தியின் முகம் முதலில் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. கோபம் வருகிறது என்று கொக்கி ஓரடி பின்வாங்கினார். வந்தது சிரிப்பு. ஆறு மாதமாகப் பல்லைக் காட்டாத மனுஷன் உர மூட்டையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"பதினெட்டு இருவது வருசமாச்சு சம்பந்தி, பெயின்ட் டப்பா மூடிய நெம்பினேன், ஒடஞ்சிடுச்சு. வெளிய சொல்ல வெக்கம். உங்க மாப்பிள்ளையோட ஸ்கேல எடுத்துட்டேன். பாவம், தொலச்சிட்டான்னு வாத்தியார் அவன முட்டி போட வெச்சாரு. நான் வேற வந்து திட்டினேன்! போன வாரம் பூரா தூக்கமில்ல. நேத்து ராத்திரிகூட அலமாரியப் பாத்துக் கும்பிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கொக்கியை ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்லையே நீங்க!"

கொக்கிக்குக் காதுக்குள் நாதஸ்வரம் கேட்டது. கால் தரையில் நிற்கவில்லை. அதற்கு மேல் அவரை அடக்க முடியுமா? மூன்று நாள் ராவிய கதையை முப்பது நாளாக்கிச் சொல்ல ஆரம்பித்தார். சம்பந்தி பாதியிலேயே கழன்றுகொண்டார். அவருக்குக் கையில் கத்தி இருந்தது, அது திறக்கவும் செய்தது.

முதலில் ஒரு கயிற்றை வெட்டினார். பிறகு ஒரு சாக்கின் வாயை. பிறகு ரோஜாவில் ஒரு குச்சியைச் சீவி, சட்டையில் மரப்பால் சொட்டச் சொட்ட அத்திக் கன்று ஒன்றில் ஒட்டுக் கட்டினார். ரோஜாவும் அத்தியும் ஏழு ஜென்மத்துக்கும் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. மடக்குவார், 'டக்', விரிப்பார், 'டக்'. மத்தியானம் ஆவதற்குள் கடையில் காம்பு கிள்ளப்படாத செடியே இல்லை.

"இந்த மனுசனுக்கு இன்னிக்கு என்னாச்சு சம்பந்தியம்மா?" என்று கொக்கியின் மனைவியிடம் வந்து நின்றார் சம்பந்தியம்மா. "வித்த செடி மூணு, வெட்டின செடி முப்பது! நீங்களாச்சும் கேளுங்களேன்!"

கொக்கியின் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள்.  கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.