விறகா, கரியா?

என் அக்கா வீட்டுக்குப் பின்னால், நிலத்தை இரண்டாக வகுந்துகொண்டு ஒரு மண்மேடு போகிறது. ஆள் உயரம் இருக்கும். மேலே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். ஊரில் அதற்கு ரயில்மேடு என்று பெயர். மேட்டில் ரயில் கிடையாது, தண்டவாளம் கிடையாது, ஒரு ஆணிகூடக் கிடையாது. கிடந்த ஒன்றிரண்டு ஆணியும் எந்தக் காலத்திலோ பேரீச்சம்பழமாகி யார் வயிற்றுக்குள்ளோ போய்விட்டன.

இருந்தாலும் அந்த மேட்டைக் கடக்கிறவர்கள் எல்லோரும், மேலே ஏறியதும் ஒரு கணம் நிற்பார்கள். மொரப்பூர்ப் பக்கம் ஒரு பார்வை. தருமபுரிப் பக்கம் ஒரு பார்வை. அப்புறம்தான் இறங்குவார்கள். பால்கேனோடு போகிறவர் நிற்பார். போனில் சண்டை போட்டுக்கொண்டே போகிற பெண், சண்டையை நிறுத்தாமல் தலையை மட்டும் இரண்டு பக்கமும் திருப்புவாள். அக்காவின் ஆடுகள்கூட நிற்கும். அந்த மேட்டில் ரயில் ஓடியதைப் பார்த்தவர்கள் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை.

"எதுக்குக்கா நிக்கறே?" என்று கேட்டிருக்கிறேன்.

"வண்டி வந்துட்டா?"

"எந்த வண்டிக்கா?"

"எனக்கு என்னாடா தெரியும்? வந்தா தெரியும்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு இருபது வருஷம் அக்காவைக் கிண்டல் செய்தேன். அவள் மேட்டில் நின்றால், கீழே இருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பேன். அக்காவுக்கு இடது காது கேட்காது. அதனால் பாதி அறிவிப்புதான் போய்ச் சேரும். மீதிப் பாதிக்குக் கையில் கிடைத்த மண்ணாங்கட்டி பதிலாக வரும்.

மேட்டின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்தில், பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று, மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரைக்கும் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான். உலகப்போர் வந்தபோது வண்டியை நிறுத்திவிட்டு இரும்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மண்ணைப் பிடுங்க முடியவில்லை. நிற்கிற பழக்கத்தையும் பிடுங்க முடியவில்லை.

நான் தருமபுரியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கையில் செம்பு புழங்குகிற மனுஷனுக்குக் கெட்ட புத்தி சீக்கிரம் வரும். அந்தப் பாதையில் ஓடிய நீராவி இன்ஜினைச் சின்னதாகச் செய்து, அது ஓடிய மேட்டிலேயே ஓட்ட வேண்டும் என்று தோன்றியது. நிஜத்தில் பதினேழில் ஒரு பங்கு. முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. பாய்லர் செம்புக் குழாயில் நானே பற்றவைத்தேன். சிலிண்டரை ஓசூரில் ஒரு லேத்துக்காரர் கடைந்து கொடுத்தார். மூன்று வருஷம் ஆயிற்று.

"ஊருல ஆம்பளைங்க அம்பது வயசுல முட்டியப் புடிச்சிக்கிட்டு உக்காருவாங்க. நீங்க ரயிலப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி.

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. டிரைவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் எரிபொருள் தொட்டி ஒன்று இருக்கும். அதில் என்னத்தைப் போடுவது? என் இன்ஜின் ஓடுவது ஸ்பிரிட் விளக்கில். தொட்டியில் போடுவது பார்வைக்கு மட்டும்தான். ஆனால் மாதிரி ரயில் செய்கிறவர்களுக்குப் பார்வைதான் பாதி உயிர். அந்த நிஜ இன்ஜின் எரித்தது விறகா, நிலக்கரியா? இந்தப் பக்கம் அந்த நாளில் காடு இருந்தது, அதனால் விறகுதான் என்பது ஒரு கட்சி. ரயில் என்றால் கரிதான் என்பது இன்னொரு கட்சி. நான் இருக்கும் வாட்சப் குழுவில் இதற்காக இரண்டு பேர் வெளியேறி, மறுநாளே திரும்பிச் சேர்ந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மங்கல் போட்டோ. தொட்டியில் கறுப்பாக ஏதோ குவிந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கரி மாதிரியும் இருக்கிறது, விறகு மாதிரியும் இருக்கிறது. அது குப்புறப் படுத்துத் தூங்கும் ஆள் என்று ஒருவர் சத்தியம் செய்தார். தொட்டியைக் காலியாகவே விட்டுவைத்தேன்.

ரயில்மேட்டின் உச்சியில் மரக்கட்டைகளை அடுக்கி, அலுமினியப் பட்டை அடித்து, நூறு அடிக்குப் பாதை போட்டேன். ஒரு முனை மோட்டார் கொட்டகைப் பக்கம். மறுமுனைக்குப் பத்தடி முன்னால் அக்கா கடக்கிற ஒற்றையடித் தடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஓட்டுவேன். அந்த இடத்தில் அவள் பட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"என் வழியில என்னாத்துக்குடா இது?"

"நீதானே வண்டி வரும் வரும்னு காத்துக்கிட்டிருந்தே? வந்துடுச்சி."

அக்கா சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குக் கூப்புட்டா வெளையாட்டுக்கு வராதுடா எதுவும்" என்றாள்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வர வேண்டும். எங்கள் ஊர்க்காரன்தான் இந்தத் தப்பைச் செய்வான். நீராவி இன்ஜினுக்குச் சுத்தமான தண்ணீர் ஊற்ற வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவோமே, அது. ஒரு ஞாயிறு அதைக் கொண்டுபோக மறந்துவிட்டேன். அக்கா வீட்டில் இரண்டு குடம் இருக்கும். மஞ்சள் குடத்தில் ஒகேனக்கல் தண்ணீர், குடிப்பதற்கு. பச்சைக் குடத்தில் போர்த் தண்ணீர், மற்றதற்கு. மஞ்சள் குடத்தில் சொம்பை விட்டேன்.

"கைய எடுடா! மூணு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. பொம்மைக்கு ஊத்தறதுக்கா?"

நியாயமாகத்தான் பட்டது. குடிக்கிற தண்ணீரைப் பொம்மைக்கு ஊற்றுகிற அளவுக்கு இந்த மாவட்டத்தில் எவனும் கொழுத்துப் போய்விடவில்லை. பச்சைக் குடத்திலிருந்து ஊற்றினேன். நன்றாகவே ஓடியது. அதன்பின் பேட்டரித் தண்ணீரை மறந்தேவிட்டேன். எங்கள் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைக் காறை கட்டும், பல்லில் பழுப்புக் கறை ஏற்றும். என் முன்பல்லைப் பார்த்தாலே நான் எந்த மாவட்டம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு தினமும் கண்ணாடி பார்க்கிற எனக்கு, அதே தண்ணீர் பாய்லருக்குள் என்ன செய்யும் என்று உறைக்கவில்லை.

அப்படிச் சில மாதம் ஓடிய பின் ஒரு ஞாயிறு, உச்சிப் பொழுது. காற்று இல்லை. ஒரு காக்கை இல்லை. தூரத்தில் ஏதோ பம்பு செட் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. மேடு முழுக்கக் கானல் எழும்பி, நூறு அடிப் பாதையும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தது. அக்கா ஆட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க அந்தப் பக்கக் காட்டுக்குப் போயிருந்தாள். விளக்கைப் பற்றவைத்தேன். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. கையை வைத்துப் பார்த்தால்தான் எரிகிறதென்று தெரியும். நீராவி திறக்கிற கைப்பிடியை மூடியாயிற்று என்று பார்த்துக்கொண்டேன். வீடியோ எடுக்கலாம் என்று கொட்டகையில் வைத்திருந்த போனை எடுக்கப் போனேன். நாற்பது எட்டுத் தூரம் இருக்கும்.

திரும்பி வந்தேன். இன்ஜின் இல்லை.

மரக்கட்டையில் நாலைந்து சொட்டு ஈரம் இருந்தது. நான் பார்க்கும்போதே காய்ந்துகொண்டிருந்தது. மனுஷ நடமாட்டமே இல்லை. முதலில் குனிந்து பாதைக்கு அடியில் பார்த்தேன். ஆறு கிலோ இன்ஜின் நான்கு விரல்கடைச் சந்துக்குள் ஒளிந்திருக்கும் என்று எண்ணிய அறிவாளி நான். அப்புறம்தான் பட்டையில் ஒரு மெல்லிய அதிர்வு கேட்டது. கானலுக்குள் கறுப்பாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், எங்கே போக வேண்டும் என்று தெரிந்த மாதிரி.

காரணம் பிறகு பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. காறை படிந்து கைப்பிடி சரியாக மூடவில்லை. அழுத்தம் ஏறியதும் தானாகக் கிளம்பிவிட்டது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. குக்கருக்கு வெயிட் மாதிரி, அழுத்தம் மீறினால் நீராவியை வெளியே விடுகிற வால்வு ஒன்று உண்டு. அந்நேரத்துக்கு அது சீறியிருக்க வேண்டும். சீறவில்லை, அதையும் காறை அடைத்திருந்தது. விசில் அடிக்காத குக்கரை அடுப்பில் வைத்து அதற்குச் சக்கரமும் கட்டிவிட்டால் என்னவோ அதுதான் போய்க்கொண்டிருந்தது. மறுமுனையில், மேட்டின் அந்தப் பக்கச் சரிவில், ஒரு தட்டுக் கட்டு மேலே வந்துகொண்டிருந்தது. கட்டுக்குக் கீழே அக்கா.

நான் ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்தவர்கள் அதை ஓட்டம் என்று சொல்லமாட்டார்கள். ஒரு செருப்பு நின்றுவிட்டது. வேட்டி முன்யோசனையோடு என்னைவிட்டுப் பிரிய ஆரம்பித்தது. "நில்லு!" என்று கத்தினேன். இன்ஜினுக்குத் தமிழ் தெரியாதோ என்று தோன்றி, "ஸ்டாப்!" என்றும் கத்தினேன். அப்புறம்தான் அக்காவைக் கூப்பிட வேண்டும் என்ற புத்தி வந்தது. "அக்கா! வராதே! அங்கியே நில்லு!" அவள் இடது காது என் பக்கம் இருந்தது. ஐம்பது வருஷம் ஊரைச் சிரிக்கவைத்த குரல் அவள் காதுவரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

வேட்டி காலைத் தட்ட, குப்புற விழுந்தேன். தாடை மண்ணில். கண் பட்டையோடு பட்டையாக. நிமிர்ந்து பார்த்தேன்.

சின்ன இன்ஜினைப் போட்டோ எடுக்கும்போது கேமராவைத் தரையோடு வைப்போம். அப்போதுதான் நிஜ அளவில் தெரியும். இந்த வித்தையைக் குழுவில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தெரிந்த வித்தைதான் என்பது அந்த நேரத்தில் உதவவில்லை. கானலுக்குள் நான் பார்த்தது ஒரு முழு ரயில் இன்ஜின். மேட்டை அடைத்துக்கொண்டு போகிறது. அதன் காலித் தொட்டி வானத்தைத் தொட்டது. அதற்கு அப்பால் என் அக்கா, அதற்கு ஏற்ற அளவில் சின்னதாக, தலையில் சுமையோடு ஸ்டேஷனில் நிற்கிற ஜனம் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

ஆம். நின்றுகொண்டிருந்தாள். மேலே ஏறியவள் வழக்கம்போல நின்றாள். மொரப்பூர்ப் பக்கம் பார்த்தாள். தருமபுரிப் பக்கம், என் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இன்ஜின் அவள் முன்னால் தடத்தைக் கடந்து போனது. மீதிப் பத்தடியை முடித்து, பாதை தீர்ந்து, பக்கவாட்டில் திரும்பி, மேட்டிலிருந்து கடலைக்காட்டுக்குள் தலைகுப்புறப் பாய்ந்தது. பிறகுதான் வெடி. லாரி டயர் வெடிப்பதுபோல ஒரே சத்தம். வால்வு இருந்த பித்தளை மூடி பிய்த்துக்கொண்டு பறந்து, தடத்தின் இந்தப் பக்கச் சரிவில் செருகி நின்றது. அக்கா நிற்காமல் இறங்கியிருந்தால் அந்த நேரத்தில் அங்கேதான் இருந்திருப்பாள். நான் போய் அதைத் தோண்டி எடுத்தேன். கை சுட்டது. வைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா தட்டுக் கட்டை இறக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொதல்ல வேட்டியக் கட்டு."

கட்டினேன். இரண்டு முறை அவிழ்ந்தது.

"அழுவறியாடா?"

"புழுதிக்கா."

"மூக்குலயும் புழுதிதான் ஒழுவுதா?"

வீட்டுக்கு வந்து மஞ்சள் குடத்திலிருந்து எனக்கு ஒரு சொம்பு கொடுத்தாள். குடித்தேன். "நல்ல காலம்க்கா, எப்பவும்போல நின்னே" என்றேன். இருபது வருஷக் கிண்டலுக்கு மன்னிப்பு இவ்வளவுதான் என் வாயில் வந்தது.

"எப்பவும்போல எங்கடா நின்னேன்? ஒரு பார்வ பாத்துட்டு எறங்கிருவேன். தலைல சொமையோட யாரு நிப்பா? நாத்தம் வந்துச்சி. அதான் நின்னுட்டேன்."

"என்ன நாத்தம்?"

"உன் ரயிலு நாத்தம்தான். கீழ இருந்து ஏறுறப்பவே வந்துச்சி. கரி வெச்சி ஓட்டறியாக்கும், கொல்லன் உலையில வருமே, கல்லுக்கரி நாத்தம்."

"அது ஸ்பிரிட்டுல ஓடறதுக்கா."

"ஸ்பிரிட்டு நாத்தம் எனக்குத் தெரியாதா? ஊசி போடறப்ப தடவுவாங்களே. அது இல்லடா. கண்ணு கரிஞ்சிது."

அவள் கண் சிவந்துதான் இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

சாயந்தரம்வரை அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய் விசாரித்தேன். கொல்லன் பட்டறை ஏதாவது நடக்கிறதா? ஊரில் இருந்த ஒன்றை மூடி வெகுநாள் ஆயிற்று. செங்கல் சூளை? இருக்கிறது, விறகுதான் எரிக்கிறார்கள், அதுவும் அன்றைக்கு இல்லை. தார் போடுகிறார்களா? எங்கள் சாலைக்கா, தாரா என்று ஒருவர் என்னைவிடப் பெரிய சிரிப்பாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியில் ரயில்மேட்டில் ஏறினேன். என்னை அறியாமல் நின்றேன். மொரப்பூர்ப் பக்கம் பார்க்க முடிந்தது. தருமபுரிப் பக்கம் திரும்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பாதையை அடுத்த ஞாயிறே பிடுங்கிவிட்டேன். இன்ஜினுக்குப் புது வால்வு போட்டு, கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றுவதில்லை, எந்தக் குடத்திலிருந்தும். ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. நிலக்கரித் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, நைத்து, துகள்களைப் பசை போட்டு அந்தத் தொட்டி நிறைய ஒட்டினேன். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன்.

கரிக் கட்சி கைதட்டியது. விறகுக் கட்சி, ஆதாரம் என்ன என்று கேட்டது.

முகர்ந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போனை அணைத்துவிட்டேன்.