ஸ்டிக்கர் ஒட்ட இடம்

அலுவலகத்துக்குள் எது வந்தாலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது சொத்துப் பதிவேடு பார்க்கும் பெரியவரின் வேலை. மின்விசிறி முதல் சர்வர் வரை ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. நிறுவனம் இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நம்பி, இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் கிளவுடுக்கு மாறியதும் சர்வர்கள் போய், அவற்றின் வேலையைச் செய்யும் கன்டெய்னர்கள் என்ற மென்பொருள் பெட்டிகள் வந்தன.

"எங்கப்பா இருக்கு? காட்டு, ஒட்டணும்."

"கண்ணுக்குத் தெரியாது சார்," என்றான் இன்ஜினியர். "நம்ம சைட்டுக்குக் கூட்டம் வந்தா தானா முளைக்கும், குறைஞ்சா தானா செத்துடும்."

"யாரைக் கேட்டுச் சாகுது?"

கண்ணுக்குத் தெரிந்தது அவன் மட்டும்தான் என்று அவன் அடையாள அட்டையிலேயே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

அவன் வேலையை விட்டுப் போன அன்று வாசலில் மறித்தார். "ஆபீஸ் சொத்து வெளிய போகக்கூடாது."

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்து அவனை அனுப்பிவைத்தார். மறுநாள் கிளவுடு படுத்தது. எழுப்பத் தெரிந்த ஒரே சொத்து வெளியே போயிருந்தது.