தேய்ந்த சில்லு

வலக்கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்ததும் ஐவி சில்லின் முனையைக் கீழுதட்டில் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். கொஞ்சம் சொரசொரத்தாலும் முகம் கோணிவிடும். “இது நரம்பை அறுத்துப்போடும்” என்று மறுபடி தேய்க்கத் தொடங்குவாள். அக்கா கிறிஸ்டினுக்கு இதைப் பார்த்தாலே பல் கூசும்.

மண்டலின் நரம்பைத் தட்டும் சில்லுகள் அவை. இறக்கக்கண்டி மீனவர் கொண்டுவரும் ஆமையோட்டைக் கொதிநீரில் இளக்கி, வெற்றிலை நுனி போல அறுத்தெடுப்பாள். குசினி முழுக்க மயிர் பொசுங்கிய நாற்றம் அடிக்கும். கலியாண வீடுகளில் வாசிக்கிற பெடியள் வந்தால், பழைய சில்லை வாங்கித் தேய்மானத்தைப் பார்த்தே ஆளை அளந்துவிடுவாள். “தம்பி, நீங்கள் வாசிக்கிறீங்களோ, சண்டை பிடிக்கிறீங்களோ?” என்பாள். அவளுக்கோ ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது.

வாசித்தவன் அவள் புருஷன் இக்னேசியஸ், இடக்கையன். அறுபத்து நாலாம் ஆண்டுச் சூறாவளியில் தோணியோடு போனான். உடல் கரையொதுங்கவில்லை. இரண்டு வருடமாகியும் மரித்தோர் பூசைக்கு ஐவி சம்மதிக்கவில்லை.

போன சனிக்கிழமை கிறிஸ்டின் அதற்காகவே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பூசை வைக்காட்டி அந்த மனுசன்ர ஆத்துமா மோட்சம் போகாமல் உத்தரிச்சுக்கொண்டே கிடக்கும், பிள்ளை.”

ஐவி கழுத்தில் கிடந்த சாவியால் புருஷனின் மண்டலின் பெட்டியைத் திறந்து, ஒரு சில்லை எடுத்து நீட்டினாள்.

“போன மாதம் அவருக்கெண்டு புதுசாச் செய்து வைச்சனான். ஒருத்தருக்கும் குடுக்கேல்ல. பாருங்கோ.”

முனை மழுங்கி ஒரு பக்கமாய்ச் சரிந்திருந்தது.

“இடக்கைத் தேய்மானம் அக்கா. முந்தி வைச்சதுகளும் இப்பிடித்தான். செத்த ஆளுக்கு இது ஏலுமே?”

அந்த வீட்டில் ஐவியைத் தவிர வேறு யாரும் இல்லை.

“ராவில சத்தம் ஒண்டும் கேக்கிறேல்லையே?”

“இல்லை. இப்ப நல்ல நித்திரை. விடிய எழும்பினா கைதான் உளையும்.”

“எந்தக் கை?”

ஐவி பதில் சொல்வதற்குள் கோயிலில் அந்தி மணி அடித்தது. அவள் எழுந்து நின்று, கண்ணை மூடி, இடக்கையால் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டாள்.