விசா பதில் வருவதற்குள்

லண்டனில் படிக்கும் என் மகள் சங்கீதா, மாணவர் விசாவை நீட்டிக்க விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். அப்போதுதான் திருத்தணி மார்க்கெட்டில் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளில் சென்னையில் ஆபரேஷன் என்றார்கள். பயத்தில் அவளுக்கு போன் செய்து, "உடனே கிளம்பி வாம்மா" என்று அழுதேன். டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

கிளம்புமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் தகவல் சொல்லப் போனாள். நல்லவேளை, அவர்கள் தடுத்தார்கள். பதில் வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பமே செல்லாமல் போய்விடுமாம்.

"படிப்பு போனா போவட்டும்மா, எனக்கு நைனாதான் முக்கியம்" என்றாள் போனில். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி என் கணவர் என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"நீ அங்கயே இரு கண்ணு. நைனா எங்கயும் போயிட மாட்டேன். முகத்தைக் காட்டிகினு இரு, போதும்."

ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போகும்வரை வீடியோவில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நன்றாக நடமாடுகிறார். நீட்டிப்பு கிடைத்ததும் அவளும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். நான் இப்போதெல்லாம் எடுத்தவுடன் அவளை வரச் சொல்வதில்லை. "இப்ப வரலாமான்னு அங்க கேட்டுச் சொல்லும்மா" என்கிறேன்.