தறிக்கூடத்து டெரியர்

போன சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தபோது, ஏசி காருக்குள் ஓர் அம்மாள் மடியில் யார்க்ஷயர் டெரியர் ஒன்று ரிப்பன் கட்டிக்கொண்டு கண்மூடிக் கிடந்தது. அதன் பாட்டன் பூட்டனெல்லாம் எலி பிடித்துப் பிழைத்தவர்கள் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்திருக்கும்.

எனக்கு அதைச் சொன்னவர் மாமா. துபாயில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவர். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது லீவில் கொச்சியில் வந்து இறங்கியவர், அங்கேயே விலைக்கு வாங்கி, ஒரு கூடையில் வைத்துக் கடையநல்லூருக்குக் கொண்டுவந்தது இந்த ஜாதி நாயைத்தான். ஸ்காட்லாந்து நெசவாளிகள் பிழைப்புத் தேடி இங்கிலாந்து மில்லுகளுக்குப் போனபோது கூடவே போன நாய்களின் வம்சம் என்றார். மில்லில் எலி பிடிக்க வளர்த்தார்களாம். பட்டுப்போன்ற அதன் முடியும் தறியில் நெய்ததுதான் என்று ஊரார் கேலி பேசுவார்களாம்.

“சின்ன உருப்படின்னு நினைக்காதிய மச்சான். இதுவும் நம்மளப்போல தறிக்காரக் கூட்டந்தான்.”

வாப்பா மசியவில்லை. நாய் இருக்கும் வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார்கள் வரமாட்டார்கள் என்றார். வெள்ளிக்கிழமை செங்கோட்டைக்காரர் ஒருவர் வந்து கொண்டுபோவது, அதுவரை தறிக்கூடத்தில் கிடப்பது என்று முடிவாயிற்று. அதுவோ மூன்று கிலோ உடம்பை வைத்துக்கொண்டு தெருவில் போகிற மாட்டையெல்லாம் அதட்டியது. தான் சின்னது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

மறுநாளிலிருந்து வாப்பா, தறிக்கூடத்தில் தான் சாப்பிட்ட தட்டை உம்மாவிடம் கொடுப்பதில்லை. தானே குழாயடிக்கு எடுத்துப்போய் மண் போட்டு ஒரு தரம், வெறும் தண்ணீரில் ஆறு தரம் கழுவினார். நாய் மேல் இவ்வளவு அருவருப்பா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கூடை தயாராக இருந்தது, நாயைக் காணோம். மெயின் ரோட்டில் லாரிகள் போகிற வேகத்தை நினைத்து நான் அழுதுகொண்டே தெருத் தெருவாக ஓடினேன். மாமா பஸ் ஸ்டாண்டு வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

கடைசியில் வாப்பாதான் தறிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார். மிதிபலகை இருக்கும் தறிக்குழிக்குள், தன்னில் பாதி இருக்கும் பெருச்சாளி ஒன்றைக் கொன்று போட்டுவிட்டு, மூக்கில் ரத்தத்தோடு அது உட்கார்ந்திருந்தது. தறியில் பெருநாள் கைலிக்கான பாவு. கஞ்சி போட்ட நூல் என்றால் எலிக்கு விருந்து. ஓரத்தில் நாலு இழைதான் அறுந்திருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வாசலில் செங்கோட்டைக்காரரும் வந்து நின்றார். வாப்பா அறுந்த இழைகளை முடிந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

“அவியளுக்கு ஒரு டீயக் குடுத்து அனுப்பிருங்க மச்சான். இது இங்கனயே கிடக்கட்டும்.”

பெருச்சாளிதான் வாப்பாவின் மனதை மாற்றியது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். நாய் வாய் வைத்த பாத்திரத்தைத்தான் அப்படி ஏழு தரம் கழுவ வேண்டும் என்று இரண்டு வருஷம் கழித்து மதரஸாவில் சொல்லிக்கொடுத்தார்கள். வாப்பா அந்தத் தட்டை நாய் வந்த மறுநாளிலிருந்தே கழுவிக்கொண்டிருந்தார்.