எலிக்கடிக்கு எண் போடுகிறவள்

எங்கள் அலுவலகத்தில் பானுப்ரியாவைப் போல விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை. எரியோட்டிலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு வருகிறாள். அமெரிக்க டாக்டர்கள் எழுதியதைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடுவது எங்கள் வேலை. சுண்டெலி கடித்தால் ஒரு எண், பெரிய எலி கடித்தால் வேறு, அணில் கடித்தால் இன்னொன்று. கடிக்காமல் வேறு வகையில் பட்டாலும் தனி எண் உண்டு.

"அமெரிக்காவுல எலி கடிச்சதுக்கு எரியோட்டுல எதுக்குத்தா நம்பரு?" என்று அவள் அப்பா பொன்னுத்துரை கேட்டாராம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான் என்று சொல்லிப் பார்த்தாளாம். அவருக்கு அது ஏறவில்லை.

டாக்டர் எழுதாததை நாமாக ஊகிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அந்த டாக்டரிடமே எழுதிக் கேட்கலாம், ஆனால் "இதுவாக இருக்குமோ?" என்று பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே பானுதான்.

போன ஐப்பசி மழையில் பொன்னுத்துரைக்குக் காய்ச்சல் கண்டது. மக்காச்சோளக் காட்டு வரப்பில் எலி வளையை வெட்டி மூடுகிறேன் என்று, வெடித்த காலோடு தேங்கிய தண்ணீரில் நாள் முழுக்க நின்ற மனிதர். டாக்டரிடம் போகும்போது மட்டும் தேய்த்த வெள்ளைச் சட்டை. "காய்ச்சலு, மேலெல்லாம் வலி" என்றதோடு வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பானு, அலுவலகத்தில் கேட்பது போலவே கேட்டாள்.

"காய்ச்சலுக்குக் காரணத்த இன்னுங் கொஞ்சம் தெளிவாச் சொல்ல முடியுமா சார்?"

சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை தீர்வதற்குள் கண் சிவந்துவிட்டது. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினார். பானு எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எலிக்காய்ச்சலா இருக்குமோன்னு இருக்கு. எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் வெடிப்புல பட்டாலே வரும்னு படிச்சிருக்கேன். ஆனா டாக்டருக்கு நானா எடுத்துக்கொடுக்கலாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடியே, படுத்துக் கெடக்கறது ஒங்க அப்பாடி! ஓடு!"

ஓடினாள். டாக்டரிடம் வளை, தண்ணீர், வெடிப்பு எல்லாவற்றையும் கொட்டினாள். அதற்குள் அப்பாவின் கண் மஞ்சளாகியிருந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே ரத்தம் எடுத்துப் பாத்திருப்பேனேம்மா."

"எடுத்துக்கொடுக்கக் கூடாதுல்ல சார்."

டாக்டர் ஒன்றும் புரியாமல் நர்ஸைப் பார்த்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

நான் பார்க்கப் போனபோது பொன்னுத்துரை பிழைத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. அவருக்குத்தான் குழப்பம் தீரவில்லை. "கடிச்சா ஊசி போடுவாக, சரி. கடிக்காத எலிக்கு எதுக்கு இம்புட்டு ஊசி?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்குள் ஒரு நர்ஸ் பாட்டில் மாற்ற வந்தாள். பானு எழுந்து நின்றாள். "சிஸ்டர், அப்பா எலி வளை வெட்டுனாரு. தேங்குன தண்ணியில நின்னாரு. கால்ல வெடிப்பு இருந்துச்சு." சாப்பாடு கொண்டுவந்த அம்மாவிடமும் அதையே சொன்னாள். தரை துடைக்க வந்தவரிடமும் சொன்னாள்.

"அதான் தெரிஞ்சு மருந்து ஏத்துறாகள்ல, இன்னும் எதுக்குத்தா எல்லார்கிட்டயும் சொல்ற?" என்றார் அப்பா.

"தெரியலப்பா" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.